பூஜ்யத்துக்குக் கீழே ஒரு விரல்

1

இந்தக் கதை ஓர் அறிக்கையிலிருந்து துரத்தப்பட்டது.

அறிக்கையின் தலைப்பு: மின்தேக்குத் தொடு உணரிகளில் துல்லியத்தைக் கூட்டுவதும் மின்செலவைக் குறைப்பதும். நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக எழுதியது. முதல் பத்தி ஒழுங்காக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பத்தியில், எப்படி என்று தெரியவில்லை, ஒரு கட்டில் வந்துவிட்டது. நான்காவதில் அந்தக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார்.

மேலாளர் கூப்பிட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தாளைத் தட்டினார்.

"யாருப்பா இந்தப் பெரியவர்?"

"என் மாமனார், மேடம்."

"சரி. அவர் எதுக்கு ரெண்டு வரைபடத்துக்கு நடுவுல படுத்திருக்கார்?"

தாளைத் திருப்பி வாங்கக் கை நீட்டினேன்.

"அவரை மட்டும் எடுத்துடு. மத்ததெல்லாம் பிரமாதம்."

எடுத்துவிட்டேன். அறிக்கை இப்போது சுத்தமாக இருக்கிறது. நான்கைந்து பேர் படிப்பார்கள், தலையாட்டுவார்கள். ஆனால் எடுத்தவரை எங்கே வைப்பது? கட்டிலோடு தூக்கி வந்து இங்கே வைத்திருக்கிறேன்.

எனக்குக் கதை எழுதிப் பழக்கமில்லை. ஆனால் நடந்தது அப்படிப்பட்டது. அறிக்கையில் 'பிழை கண்டறியப்பட்டது' என்று இரண்டு சொல்லில் முடித்த இடத்தில், உண்மையில் நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அதை எந்த வரைபடத்தில் போடுவது?

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்தது.' பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'கூரையை வெறித்தபடி படுத்திருந்த பெரியவர் தன் வாழ்க்கையைத் திரும்பிப்' — வேண்டாம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு எதை நினைக்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

மூன்றாவது தொடக்கம், அறிக்கை பாணியில்: மாமா பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஹாரனைத் தொடாமல் வண்டி ஓட்டுவார் என்று பெயர் வாங்கியவர். பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று. வலது பக்கம் முழுக்கப் போயிற்று. இடது கையில் ஆள்காட்டி விரலை மட்டும் கொஞ்சம் தூக்க முடியும். கழுத்து திரும்பாது. காது நன்றாகக் கேட்கும். புத்தி தெளிவு, தொலைக்காட்சியில் யாராவது முட்டாள்தனமாகப் பேசினால் புருவம் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இதுவே இருக்கட்டும்.

வீடு சிறியது. கீழே முன்னறையில் மாமாவின் கட்டில். மாடியில் ஒரே அறை, அதில் நான். (என் மனைவி இறந்துவிட்டாள். இதை அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். வெளியே விட்டால் கதை முழுக்க அவளே வந்து உட்கார்ந்துகொள்வாள். சுபாவம் அப்படி.)

மாமாவைப் பார்த்துக்கொள்வது என் மைத்துனி, அதாவது மனைவியின் தங்கை. நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. குளத்தின் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைப் பிள்ளையை அதட்டிப் பழகிய குரல். மாமா படுத்ததிலிருந்து விடுப்பில் இருக்கிறாள்.

ஒரு நாள் காலை துணி உலர்த்தக் கொல்லைப்பக்கம் போயிருந்தாள். மாமாவுக்குச் சளி தொண்டையில் அடைத்துக்கொண்டது. அவரால் கூப்பிட முடியவில்லை. ஏதோ ஒரு துணிக்கிளிப்பை மறந்துவிட்டு உள்ளே திரும்பியவள் அவர் உதடு நீலமாக இருப்பதைப் பார்த்தாள். புரட்டிப் போட்டு, முதுகில் தட்டி, காப்பாற்றிவிட்டாள். துணிக்கிளிப்பை மறக்கவில்லையென்றால் அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் குளிக்கப் போவதென்றால்கூட நான் மாடியிலிருந்து இறங்கி வந்து உட்கார வேண்டும். இப்போது நீச்சல் குளத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: அடுத்த திங்கட்கிழமை வரவில்லையென்றால் வேறு ஆள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம்தான். ஆனால் என் வேலை அளவுக் கருவிகளும் மேசையுமாக மாடியில். கட்டில் கீழே.

ஆக, கதையின் கேள்வி ஒன்றே ஒன்று. மாமாவால் கூப்பிட முடியுமா?

3

இங்கே கொஞ்சம் பாடம் நடத்தப் போகிறேன். மேலாளர் இல்லை, யாரும் தடுக்க முடியாது.

கண்ணாடிக்கு அடியில் ஒரு செப்புத் தகடு. அதில் கொஞ்சம் மின்னூட்டத்தை ஊற்றி, எவ்வளவு கொள்கிறது என்று அளக்கிறோம். விரல் பக்கத்தில் வந்தால் தகடு கூடுதலாகக் கொள்ளும். ஏனென்றால் மனித உடம்பு, உள்ளே உப்புத் தண்ணீர் நிரம்பிய பை. (மைத்துனி: "நல்லா இருக்கு அத்தான் மரியாதை.") விரல் இல்லாதபோது ஓர் எண் வரும். அந்த எண்ணுக்கு எங்கள் அலுவலகத்தில் 'சும்மா' என்று பெயர். வந்த எண்ணிலிருந்து சும்மாவைக் கழித்தால் மிச்சம் இருப்பது விரல். அவ்வளவுதான் மொத்த வித்தை.

ஆனால் சும்மா சும்மா இருக்காது. வெயில் ஏறினால் ஏறும். காற்றில் ஈரம் கூடினால் நகரும். அதனால் உணரி அதை விடாமல் பின்தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கும். மெதுவாக வரும் எதையும் அது வானிலை என்றுதான் நினைக்கும். நெடுநேரம் நகராமல் இருக்கும் எதையும் சும்மாவில் சேர்த்துவிடும். நீங்கள் விரலை எடுக்காமல் வைத்தே இருந்தால், கொஞ்ச நேரத்தில் உணரிக்கு நீங்களும் சும்மா.

இது தெரிந்தவன்தான் நான். தெரிந்தும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடிப் பலகை செய்து, தலையணை ஒன்றை மாமாவின் விலாவை ஒட்டி வைத்து, அதன்மேல் பலகை, பலகைமேல் அவர் இடது கை என்று அடுக்கிவிட்டுப் பெருமையாக நின்றேன். விரலை உணர்ந்தால் மாடியிலும் சமையலறையிலும் மணி அடிக்க வேண்டும்.

"அழுத்துங்க மாமா."

அழுத்தினார். நெற்றி நரம்பு புடைத்தது. மணி அடிக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம்."

காது மடல் சிவந்தது. மணி அடிக்கவில்லை.

"விடுங்கப்பா, போதும்," என்று மைத்துனி ஓடிவந்தாள். என் பக்கம் திரும்பினாள். "என்ன அத்தான் இது? இவ்வளவு அழுத்தறார்!"

"தொடு உணரிக்கு அழுத்தம் தெரியாது. விரல் இருக்கா இல்லையான்னுதான் தெரியும்."

"விரல்தான் இருக்கே."

"இருந்துட்டே இருக்கறதால தெரியல."

அவள் மாமாவின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். "இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தராங்க?"

உணர்திறனைக் கூட்டினேன். அழுத்தும்போது விரல்நுனிச் சதை இம்மியளவு பரவும். அந்த இம்மியைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு. பிடித்தது. கூடவே போர்வையைப் பிடித்தது. உள்ளங்கை வியர்வையைப் பிடித்தது. மைத்துனி ஈரத் துண்டைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தபோது மணி ஒரு கச்சேரியே வைத்தது.

"இந்தா, வாங்கிக்கோ!" என்று அவள் துண்டை எடுத்து மறுபடி வைத்தாள். மணி மறுபடி பாடியது. மாமாவின் நெஞ்சு குலுங்கியது. முதலில் பயந்துவிட்டோம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வேகம். வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து, சராசரி எடுத்து, பொய் அழைப்புகளை வடிகட்டினேன். துல்லியம் வந்தது. மின்கலம் தாங்கவில்லை. வயரை நேரே செருகிவிடலாமே என்று கேட்பீர்கள். சார்ஜர் செருகினால் அதன் இரைச்சலில் எண்கள் பேயாட்டம் ஆடும்.

மதியம் மாடிப்படியில் குரல் கேட்டது. "அத்தான்! உங்க பலகை பேட்டரி செத்துப் —" நின்றது. பிறகு, "பேட்டரி காலி, அத்தான்."

(இந்த வீட்டிலும் அலுவலகத்திலும் இப்போது எந்த மின்கலமும் சாவதில்லை. முடிகிறது, தீர்கிறது, காலியாகிறது. ஒருவர் 'ஓய்வெடுக்குது' என்றுகூடச் சொன்னார். எல்லாம் எனக்காக.)

4

மேலே உள்ள மூன்று பகுதிகளையும் மைத்துனி படித்துவிட்டாள். மாமாவுக்குக் கஞ்சி ஆறும்வரை படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனவள் கஞ்சி ஆறி ஏடு கட்டிய பிறகுதான் திருப்பித் தந்தாள்.

"நான் இவ்வளவு சண்டைக்காரியா?"

"எழுத்துல கொஞ்சம் குறைச்சிருக்கேன்."

"அப்பாவைப் பத்தி நல்லா இருக்கு. புருவம் ஏறுறது கரெக்ட். ஆனா..." காகிதத்தைப் புரட்டினாள். "அக்கா எங்க?"

"பிராக்கெட்ல இருக்கா."

"ஒரே ஒரு பிராக்கெட்ல?"

"அதுவே பெருசா இருக்கு."

"அத்தான், நீங்க சென்சார் பத்தி எழுதறப்ப பக்கம் பக்கமா ஓடுறீங்க. அவளைப் பத்தின்னா ரெண்டு வரியில பிரேக் போடுறீங்க. படிக்கிறவங்களுக்குத் தெரியாதா?"

தெரியும்தான். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் எனக்கு நானே ஒரு பாத்திரமாக வரும்போது சந்தேகமாக இருக்கிறது. இந்தக் கதையில் 'நான்' என்று வருகிறவன் எதற்கும் அசையாத ஆள். மாமாவின் நெஞ்சு குலுங்கினாலும், மைத்துனி திட்டினாலும், குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறான். இப்படி ஒருவன் கதை எழுத உட்காருவானா? நம்பும்படி இல்லை. மேலாளரிடம் காட்டினால் இவனையும் எடுக்கச் சொல்வார்.

இருக்கட்டும். அடுத்த பகுதியில் அவன் எழுந்து நிற்கிறான்.

5

எங்கள் அலுவலகத்தில் மின்செலவைப் பார்த்துக்கொள்கிறவனுக்குக் கஞ்சன் என்று பெயர். கல்லூரியிலிருந்தே என் நண்பன். நான் துல்லியத்துக்கு, அவன் சிக்கனத்துக்கு. நான் இன்னும் ஒரு முறை அளக்கலாம் என்பேன். எதுக்குடா என்பான் அவன். இருபது மைக்ரோ ஆம்பியருக்கு மேல் ஒரு சிப் மின்சாரம் இழுத்தால் தன் சொந்த ரத்தத்தை உறிஞ்சுவது மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

மின்கலத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பலகையில் ஒரு பகல் முழுவதும் பதிவான எண்களை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். இனி நான் ஒன்றும் செய்வதற்கில்லை, அவனாவது மின்செலவைக் குறைத்துத் தந்தால் அதிவேகத்திலேயே ஓட்டிவிடலாம் என்பது எண்ணம்.

திரையில் கோடு விரிந்தது. தட்டையாக, பூஜ்யத்தில், இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை.

"என்னடா இது, பொணம் படுத்திருக்கற மாதிரி —"

அவன் வாய் அப்படியே நின்றது. பக்கத்து மேசையில் தட்டச்சு நின்றது. குளிர்சாதனம்கூட நின்றது என்று எழுதினேன். அது மிகை, அடித்துவிட்டேன்.

"டேய், சாரிடா. நான் வந்து..."

"இரு," என்றேன். "நீ சொன்னது சரி."

"இல்லடா, வாய் தவறி —"

"தவறல. பாரு. அப்படித்தான் இருக்கு. இவ்வளவு தட்டையா எப்படி இருக்கும்?"

அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடி திரையை.

உயிருள்ள எந்த அளவும் தட்டையாக வராது. மேசைமேல் சும்மா கிடக்கும் உணரிகூட ஓரிரு எண் மேலே கீழே ஆடும். இங்கே மேல்பக்கம் கொஞ்சம் முடிமுடியாக நீட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் சவரம் செய்த மாதிரி வழவழவென்று இருந்தது.

"யாரோ கீழ வெட்டுறாங்க," என்றான் கஞ்சன் மெதுவாக.

வெட்டியது நாங்கள்தான். அதாவது, எங்கள் நிரலில் ஒரு வரி. கழித்து வரும் விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால், அதைப் பூஜ்யம் என்றே வை. எல்லாரும் எழுதும் வரி. விரல் இல்லை என்பதுதான் பூஜ்யம். விரல் இல்லாததைவிடக் குறைவாக ஒரு விரல் எப்படி இருக்க முடியும்? கீழே வருவதெல்லாம் இரைச்சல். தூக்கிப் போடு. இந்த வரியை யாரும் யோசித்து எழுதுவதுகூட இல்லை, கை தானாக எழுதிவிடும்.

ஆனால் மூல எண்கள் கோப்பில் பத்திரமாக இருந்தன. அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி வரைந்தோம்.

இங்கேதான் எழுந்து நின்றேன்.

கோட்டில் பள்ளங்கள். பூஜ்யத்துக்குக் கீழே, ஆழமாக, கூர்மையாக, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல். ஒன்று. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. பிறகு அடுத்தடுத்து மூன்று. இரைச்சல் அப்படி இருக்காது. வியர்வை அப்படி இருக்காது.

"என்னடா இது?"

"விரலைத் தூக்குறார்!" என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "அழுத்திப் பார்த்து ஒண்ணும் நடக்கலன்னதும் தூக்கித் தூக்கித் தட்டிப் பார்த்திருக்கார். விரல் இருக்கறது சும்மாவுக்குள்ள போயிடுச்சு. அப்ப, தூக்கினா சும்மாவுக்கும் கீழ போகும்! இறக்கினா மறுபடி பூஜ்யம். நாம இருக்கறதைத் தேடிட்டு இருந்தோம்டா. அவர் இல்லாததை அனுப்பிட்டு இருந்திருக்கார்!"

கஞ்சன் திரையை நகர்த்திக்கொண்டே போனான். காலை. முற்பகல். பள்ளம், பள்ளம், பள்ளம்.

"நாள் முழுக்கவாடா?" என்றான்.

நாள் முழுக்க. நான் மாடியில் உட்கார்ந்து உணர்திறனைக் கூட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவர் கீழே கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். நாங்கள் ஒவ்வொன்றையும் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறோம்.

"சொல்லட்டுமா?" கஞ்சனுக்கு வேர்த்திருந்தது. கண் பளபளத்தது. "இது ஒரு வரம்டா. கை எப்பவும் அங்கயேதான் இருக்கப்போகுது. வேகமா அளக்க வேண்டாம், சராசரி வேண்டாம், பூதக்கண்ணாடி வேண்டாம். சென்சார் நிம்மதியாத் தூங்கலாம். வினாடிக்கு நாலு தடவை ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாப் போதும். பள்ளம் பெருசு, நாய்கூடக் கண்டுபிடிக்கும். எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

துல்லியமும் சிக்கனமும் ஒரே இடத்தில் கைகுலுக்குவது எங்கள் தொழிலில் அபூர்வம். நாங்கள் இரண்டு பேரும் அலுவலகத்தில் நின்றபடி ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தோம். மேலாளர் தன் அறைக் கண்ணாடிச் சுவர் வழியாகப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

(இந்த இடத்தில் 'மகிழ்ச்சி' என்று எழுதி அடித்தேன். 'பரபரப்பு' என்று வைத்தேன். அதுவும் சரியில்லை. பசி எடுத்தது. அதுதான் உண்மை. வெகுநாள் கழித்து நன்றாகப் பசித்தது. போய் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.)

6

இங்கே ஒரு பத்தி இருந்தது. விரல் எடுக்கப்பட்ட இடம்தான் உணரிக்குப் பலமாகத் தெரிகிறது, அதேபோல் மனிதர்களுக்கும் என்று தொடங்கியது.

நீங்களே அந்தப் பக்கம் போய்க்கொண்டிருப்பீர்கள். போக வேண்டாம். நான் போய்ப் பார்த்துவிட்டேன். அங்கே நன்றாக எழுதப்பட்ட ஒரு பத்தி இருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீக்கிவிட்டேன்.

7

புதிய பலகையை மாமாவின் கைக்கு அடியில் வைத்தேன்.

"மாமா, அழுத்தவே வேண்டாம். விரலைத் தூக்கினாப் போதும்."

தூக்கினார். மணி அடித்தது. மாடியில் ஒன்று, சமையலறையில் ஒன்று. மைத்துனி கையில் கரண்டியோடு ஓடிவந்தாள்.

"அப்பாவா? அப்பாதானா? ஈரத் துண்டு இல்லையே?"

அவர் மறுபடி தூக்கினார். மணி. மறுபடி. மணி. ஹாரனையே தொடாத மனிதர் அன்று ஊரையே ஒதுங்கச் சொல்வது போல அடித்துத் தள்ளினார். மைத்துனி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "போதும்பா, காது கிழியுது, போதும்," என்றாள். அவளுக்கு மூக்கு சிவந்துவிட்டது.

கதையை இங்கே முடித்துவிடலாம். முடித்துப் பார்த்தேன்: 'அன்று அந்த வீட்டில் மணி ஓயவே இல்லை.' நல்ல வாக்கியம். ஆனால் மைத்துனி விடவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்தான், மணி அடிச்சா கூப்பிடுறார்னு அர்த்தம். அடிக்கலன்னா?"

"வேண்டியது ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

"இல்ல. விரலைத் தூக்கவே முடியாத மாதிரி ஏதாவது ஆயிட்டா? அன்னைக்கு மாதிரி? கை அப்படியே பலகை மேலதானே கிடக்கும்? நான் குளத்துல நின்னுகிட்டு, மணி அடிக்கலையாம், அப்பா நல்லா இருக்காராம்னு நினைச்சுக்கணுமா?"

மாமா காதில் விழும்படிதான் கேட்டாள். அந்த வீட்டில் அவரை ஒளித்துப் பேசும் வழக்கம் இல்லை. அவர் புருவம் ஏறியது. நல்ல கேள்வி என்பது போல.

மூச்சு நின்ற கைக்கு அடியிலும் தகடு கூடுதலாகத்தான் கொள்ளும். உணரிக்கு அதுவும் சும்மாதான்.

மறுநாள் கஞ்சனிடம் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப கை உயிரோட இருக்கான்னு சென்சார் பார்க்கணும். எப்படிப் பார்க்கும்?"

நான் பழைய கோப்பைத் திறந்தேன். பள்ளங்களைப் பார்க்கவில்லை, பள்ளங்களுக்கு நடுவில், ஒன்றும் நடக்காத இடங்களைப் பார்த்தேன். சராசரியை நீக்கினேன். கோட்டைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.

அலை.

மிகச் சின்னது. இரண்டு எண் மேலே, இரண்டு எண் கீழே. மெதுவாக, ஒழுங்காக. தலையணை விலாவை ஒட்டி இருக்கிறது அல்லவா? மூச்சு இழுக்கும்போது விலா தலையணையை ஒரு மயிரிழை தள்ளுகிறது, பலகைமேல் கை ஒரு மயிரிழை நகர்கிறது. துல்லியம் வேண்டும் என்று நான் வருடக்கணக்காக வடிகட்டிக் கொட்டிக்கொண்டிருந்த இரைச்சல் அது. அதற்குள் ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"டேய்," என்றான் கஞ்சன்.

"ம்."

"டேய்!"

"பார்க்கறேன்டா."

அலை நின்றால் மணி அடிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அலையைப் பார்க்க உணரி விழித்திருக்க வேண்டும். அடிக்கடி அளக்க வேண்டும். மிச்சம் பிடித்ததில் பாதி போய்விடும். நான் கஞ்சனின் முகத்தைப் பார்த்தேன். அவன் தன்னிடம் இருந்த மாதிரிப் பலகையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், வீட்டில் அடகு வைக்க என்ன இருக்கிறது என்று தேடுகிற ஆள் மாதிரி.

"இந்த விளக்கு எதுக்கு?" என்றான். பலகை வேலை செய்கிறது என்று காட்ட ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு.

"அழகுக்கு."

"புடுங்கு. மணிக்குச் சேதி அனுப்புற ரேடியோ எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை பேசுது? தேவையில்லாம வாயாடுது. மணி அடிக்கறப்ப மட்டும் பேசட்டும்."

"நடுவுல பேட்டரி போனா? அதுவும் அமைதிதானே?"

யோசித்தான். "சரி. நிமிஷத்துக்கு ஒரு தடவை 'இருக்கேன்'னு சொல்லட்டும். அது வரலன்னாலும் மணி. இப்ப கூட்டு." கூட்டினேன். கொஞ்சம் உதைத்தது. "பரவால்ல, மூச்சுக்கு எவ்வளவு வேணுமோ எடுத்துக்கோ. வாழ்க்கையிலயே மொதல் தடவையா செலவு பண்றேன். எழுதி வெச்சுக்கோ."

எழுதிவிட்டேன்.

8

திங்கட்கிழமை.

மைத்துனி நீலச் சீருடை போட்டுக்கொண்டாள். விசிலைக் கழுத்தில் மாட்டினாள். கழற்றினாள். மாட்டினாள். மூச்சைச் சோதிக்க வேண்டும் என்று அப்பாவின் தலையணையை நகர்த்திவிட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடினாள். மணி அடித்தது. மறுபடி ஒட்டி வைத்தாள். நின்றது.

"கிளம்பு," என்றேன்.

"அப்பா, கிளம்பவா?"

அவர் விரலைத் தூக்கினார். மணி. ஆமாம் என்பதற்கும் அதுவே என்று அவர்களுக்குள் எப்போது ஒப்பந்தம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

கதவு சாத்தும் சத்தம். நான் மாடிக்குப் போனேன். வேலையைத் திறந்து வைத்துக்கொண்டு மணியையே பார்த்தேன்.

இங்கிருந்து கதை மூன்று வழியில் போகலாம்.

முதல் வழி: மணி அடிக்கிறது, சளி அடைத்திருக்கிறது, நான் பாய்ந்து இறங்கிக் காப்பாற்றுகிறேன். கருவிக்கு வெற்றி. அறிக்கைக்கு ஏற்ற முடிவு. ஆனால் அதற்காக மாமாவை மறுபடி மூச்சுத் திணற வைக்க வேண்டும். எனக்கு மனம் இல்லை.

இரண்டாவது வழி: மணி அடிக்கவில்லை, நான் நிம்மதியாக வேலை பார்க்கிறேன், மாலையில் போய்ப் பார்த்தால் — இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.

மூன்றாவது வழி, நடந்தது. மணி அடித்தது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன். மாமாவின் உதடு நல்ல நிறத்தில் இருந்தது. மூச்சு சீராக இருந்தது. என்னைப் பார்த்தார்.

"தண்ணியா மாமா?"

விரல் அசையவில்லை.

"திருப்பிப் படுக்க வைக்கவா?"

இல்லை.

"வலிக்குதா? டிவி? ஜன்னல்?"

இல்லை. இல்லை. இல்லை. கூப்பிட முடிகிறதா என்பதுதான் கதையின் கேள்வி என்று இரண்டாம் பகுதியில் எழுதினேன். முடிகிறது. ஆனால் எதற்கு என்பதை எந்த உணரியும் சொல்லாது.

"நான் இங்க உட்காரணுமா?"

விரல் எழுந்தது. மாடியில், யாரும் இல்லாத அறையில், மணி அடித்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தோம். அதில் ஒன்றும் இல்லை. இந்த அறையில்தான் பெண் பார்க்க வந்தபோது என்னை உட்கார வைத்தார்கள். அவள் வந்து, "இவர் பேசவே மாட்டாராப்பா?" என்று என்னை வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டாள். அவர், "வண்டி சூடாகணும்மா," என்றார். பிராக்கெட் பற்றி மைத்துனி கேட்டதைத் தவிர, அவள் இறந்த பிறகு இந்த வீட்டில் அவளைப் பற்றி யாரும் என் எதிரில் பேசியதில்லை. மைத்துனி பேசாமல் விழுங்குகிறாள். நான் கேட்பதில்லை. இவர் பேசவே முடியாதவர். எல்லாரும் எனக்காக மட்டும்தான் பொறுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவருடைய மகள் அல்லவா?

கதையில் 'நான்' என்று வருகிறவன் வாயைத் திறந்தான். நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டு கேட்டான்.

"அவளைப் பத்திப் பேசணுமா மாமா?"

9

இந்த இடத்தில் உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

அவர் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று நான் எழுதப்போவதில்லை. ஆனால் உங்களை வெறுங்கையோடு அனுப்பவும் மனமில்லை. அதனால் ஓர் ஏற்பாடு.

இதைப் புத்தகத்தில் படித்தாலும் திரையில் படித்தாலும், அதைப் பிடித்துக்கொண்டு உங்கள் விரல் ஒன்று இருக்கிறது. இவ்வளவு நேரம் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்திருக்கிறது. அது அங்கே இருப்பதை நீங்களே மறந்திருப்பீர்கள். இப்போது நினைவு வந்திருக்கும்.

அதை நீங்கள் எடுக்கும்போது மாடியில் மணி அடிக்கும். மாமா ஆமாம் என்று சொன்னதாகக் கணக்கு. நான் பேசத் தொடங்குவேன். எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியாது, ஆனால் தொடங்குவேன்.

எடுக்காதவரை நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருப்பேன். எப்படியும் ஒரு கட்டத்தில் நீங்கள் எடுத்துத்தான் ஆக வேண்டும். எப்போது என்பது உங்கள் விருப்பம்.

அவசரமில்லை. பேட்டரி தாங்கும்.